மாஸ்க் கொடுத்தால் போதுமா? மூச்சை அளந்து பார்த்தார்களா?



மாவு மில்லில் வேலை முடித்து வீட்டுக்கு வந்ததும் நாம் என்ன செய்கிறோம்? தலையைத் தட்டி, முந்தானையை உதறி, கொல்லைப் பக்கம் போய்க் காறித் துப்புகிறோம். வெள்ளையாக மாவு வந்தால் "வெளியே வந்துடுச்சு, இனி பயமில்லை" என்று நினைத்துக்கொள்கிறோம். அங்கேதான் ஏமாந்து போகிறோம். கண்ணுக்குத் தெரிகிற தூசு பெரிசு. அது மூக்கு மயிரிலும் தொண்டைச் சளியிலும் மாட்டிக்கொள்ளும். கண்ணுக்கே தெரியாத பொடித் தூசுதான் நுரையீரலின் அடி வரைக்கும் போய் உட்காரும். அது துப்பினாலும் வராது.

நம் கள்ளக்குறிச்சிப் பக்கம் தூசுக்குப் பஞ்சமில்லை. அரிசி ஆலை, கல் குவாரி, கிரஷர், கரும்புச் சக்கை குவித்து வைக்கிற இடம் என்று எத்தனையோ இருக்கின்றன. 2021-ல் புவிசார் குறியீடு வாங்கிய நம்மூர் மரச்சிற்பத்துக்கும் பட்டறையில் உப்புத்தாள் போட்டுத் தேய்க்காமல் வழியில்லை. கல்வராயன் மலையிலிருந்து பஞ்சாலைக்கும் வெளியூர் வேலைக்கும் இறங்குகிறவர்கள் தனி.

எல்லாத் தூசும் ஒன்றல்ல. பஞ்சுத் தூசு விசித்திரமானது. லீவு முடிந்து வேலைக்குப் போகிற முதல் நாள் நெஞ்சை இறுக்கும், மறுநாள் குறையும். "லீவுல நல்லாத்தான் இருந்தா, வேலைக்குப் போகச் சோம்பேறித்தனம்" என்று நாமே பிள்ளையைத் திட்டுவோம். அது சோம்பேறித்தனம் இல்லை, பிசினோசிஸ் என்ற பஞ்சு நோயின் ஆரம்பமாக இருக்கலாம். பூசணம் பிடித்த கரும்புச் சக்கைத் தூசு, வேலை முடிந்து சில மணி நேரம் கழித்துக் காய்ச்சலும் இளைப்புமாக வரும். மாவுத் தூசு சிலருக்கு வீசிங் கொடுக்கும். மரத்தூள் மூக்குப் பகுதியில் புற்றுநோய் வரைக்கும் கொண்டுபோகும். கல் தூசுதான் எல்லாவற்றிலும் கள்ளன். வருடக்கணக்கில் சத்தமே காட்டாது. பிறகு மாடிப்படி ஏற முடியாது. சிலிகோசிஸ் என்ற அந்த நோய்க்கு, கெட்ட நுரையீரலைத் திருப்பித் தரும் மருந்து கிடையாது. அது உள்ளவர்களுக்கு டிபி-யும் சுலபமாகத் தொற்றும்.

குஜராத்தில் நடந்த ஒன்றை நம் மலைக்காரர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். மத்தியப் பிரதேசத்தின் அலிராஜ்பூர், ஜாபுவா, தார் மாவட்டங்களின் ஆதிவாசி மக்கள் பிழைப்புக்காக கோத்ரா பக்கம் வெள்ளைக்கல் அரைக்கிற ஆலைகளுக்குப் போனார்கள். புருஷன், பெண்டாட்டி என்று குடும்பமாகப் போனவர்களும் உண்டு. இளைப்போடு ஊர் திரும்பி ஒவ்வொருவராகச் செத்தார்கள். சங்கமாகச் சேர்ந்து போராடினார்கள். 2010-ல் தேசிய மனித உரிமை ஆணையம், இறந்த 238 பேர் குடும்பத்துக்குத் தலா 3 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னது. அந்தப் பணத்தைக் கொடுக்கும்படி உச்ச நீதிமன்றம் குஜராத் அரசுக்கு உத்தரவு போட்டது 2016-ல். ஆறு வருடம்! வாங்க வேண்டியவர்களில் எத்தனை பேர் அதற்குள் காத்துக் காத்து ஓய்ந்திருப்பார்கள் என்று நினைத்தால் மனசு ஆறவில்லை.

நோய் முற்றும் முன்னே கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. ஸ்பைரோமெட்ரி என்ற மூச்சு ஊதும் சோதனை. ஊசி இல்லை, ரத்தம் இல்லை. மூக்கில் கிளிப் மாட்டி, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, ஒரு குழாயில் வேகமாக, காற்று தீர்கிற வரைக்கும் ஊத வேண்டும். மூன்று தடவையாவது ஊதச் சொல்வார்கள். முதல் ஒரு செகண்டில் எவ்வளவு காற்று வெளியே வருகிறது என்று மெஷின் காட்டும். வேலைக்குச் சேரும்போதே ஒரு தடவை ஊதி எழுதி வைத்தால்தான், பிறகு எவ்வளவு குறைந்தது என்று தெரியும். கல் வேலைக்காரர்களுக்கு எக்ஸ்ரேயும் வேண்டும்.

இனி மாஸ்க். கர்சீப், முந்தானை, துணி மாஸ்க் எதுவும் பொடித் தூசைத் தடுக்காது. கொரோனாவில் பார்த்தோமே என்-95, அந்த மாதிரி வேண்டும். நம் நாட்டில் ஐ.எஸ். 9473 என்று முத்திரை போட்டு வரும். ஆனால் நல்ல மாஸ்க்கும் முகத்தோடு ஒட்டாவிட்டால் வீண். மடையில் ஓட்டை இருந்தால் தண்ணீர் அந்த வழியாகத்தானே போகும்? தூசும் அப்படித்தான், மூக்கு ஓரத்து இடுக்கில் நுழைந்துவிடும். ஆம்பிளை முகத்துக்கு அளவெடுத்த மாஸ்க் நம் சின்ன முகத்தில் லொடலொட என்று நிற்கும்.

அதனால்தான் முகத்துக்குப் பொருந்துகிறதா என்று ஒரு சோதனை வைத்திருக்கிறார்கள். தலைக்கு மேல் ஒரு கூடு மாதிரி கவிழ்த்து, இனிப்போ கசப்போ உள்ள மருந்தைப் புகை போல உள்ளே அடிப்பார்கள். முதலில் மாஸ்க் இல்லாமல் ருசி தெரிகிறதா என்று கேட்பார்கள். பிறகு மாஸ்க் போட்டு மூச்சு விட வேண்டும், தலையைத் திருப்ப வேண்டும், நிமிர வேண்டும், குனிய வேண்டும், பேச வேண்டும். நாக்கில் ருசி தட்டினால் எங்கோ ஒழுகுகிறது. வேறு அளவு பார்க்க வேண்டியதுதான். அமெரிக்காவில் 1998 முதல் முதலாளிகள் இதை வருடா வருடம் செய்ய வேண்டும் என்பது சட்டம். அதற்கு முன்பே, மாஸ்க் போட்டு வேலை செய்ய உடம்பு தாங்குமா என்றும் பார்க்க வேண்டும். இளைப்புக்காரருக்கு மாஸ்க்கே பாரம்.

தினமும் நாமே செய்ய ஒன்று இருக்கிறது. மேல் நாடா உச்சந்தலையில், கீழ் நாடா காதுக்குக் கீழே கழுத்தில். மூக்குக் கம்பியை இரண்டு கை விரலாலும் அமுக்குங்கள். இரண்டு கையாலும் மாஸ்க்கை மூடி வேகமாக ஊதுங்கள். கண் பக்கம் காற்று அடித்தால் சரியில்லை. முந்தானையைக் கட்டி அதன்மேல் மாஸ்க் போடுவது போடாததற்குச் சமம்.

மாஸ்க் கடைசிக் காவல்தான். கிரஷரில் தண்ணீர் தெளிப்பதும், மெஷினை மூடுவதும், தூசை உறிஞ்சும் ஃபேன் வைப்பதும் முதலில். அது முதலாளி வேலை. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத் தொகுப்பில், குறிப்பிட்ட தொழிலாளர்களுக்கு வருடாந்திர மருத்துவப் பரிசோதனையை முதலாளி இலவசமாகச் செய்து தர வேண்டும் என்று இருக்கிறது. இ.எஸ்.ஐ. பிடிக்கிற இடமானால் சிலிகோசிஸ், பஞ்சு நோய் எல்லாம் தொழிலால் வந்த நோய்ப் பட்டியலில் உண்டு. ஒரு ஆளாகப் போய்க் கேட்டால் "நாளைல இருந்து வராதே" என்பார்கள். குழுவாகப் போய்க் கேளுங்கள்.

இன்னொன்று, கொஞ்சம் கசப்பானது. சாமை, தினை, கேழ்வரகு அரைத்து விற்கிற மெஷினை நம் குழுவே வைத்திருந்தால் முதலாளி யார்? நாம்தான். மெஷினுக்குக் கடன் வாங்கும்போது ஃபேனுக்கும் மாஸ்க்குக்கும் சேர்த்துக் கணக்குப் போட்டோமா? கூலிக்கு வருகிற பெண்ணின் மூச்சை என்றாவது அளந்தோமா? மில்லைப் பெருக்கும்போது விளக்குமாறால் தூசைக் கிளப்பாமல் ஈரத்துணியால் துடைக்கிறோமா?

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளிப் பரிசோதனை இலவசம். கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போனால், "என்ன வேலை பார்க்கிறேன், எத்தனை வருடமாக" என்பதை டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். வெளியூர் வேலைக்குப் போகிறவர்கள் ஆலையின் பெயர், ஊர், சேர்ந்த தேதி, நின்ற தேதி ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதி, சம்பளச் சீட்டு ஏதாவது இருந்தால் அதில் ஒட்டி, குழுப் பதிவேட்டோடு ஊக்குநரிடம் கொடுத்து வையுங்கள்.