தத்துப் பிள்ளையும் அறுபது நாளும்

பிள்ளை இல்லாதவன் 'புத்' என்னும் நரகத்தில் வீழ்வான், அவனைக் கரையேற்றுபவனே புத்திரன் என்று எழுதி வைத்தார்கள். எழுதியதைக் காட்டியே ஏய்த்தார்கள். ஆகவே, தத்து என்றால் ஆண்பிள்ளை! பெண்ணைத் தத்தெடுத்தால் பிண்டம் போடுவது யார்? குழந்தைக்குத் தாய்மடி வேண்டும் என்பதற்காக அல்ல தோழர்களே, செத்தவனுக்குச் சோற்றுருண்டை வேண்டும் என்பதற்காகத் தத்து!

அதிலேயும் வருணம் நுழைந்தது. மேல் மூன்று வருணத்தாருக்குத் தத்த ஹோமம் வேண்டும் என்றது சாத்திரம். அக்காள் மகனை எடுக்காதே, மகள் வயிற்றுப் பேரனை எடுக்காதே என்று தடையும் போட்டது. சூத்திரனுக்கு ஹோமமும் இல்லை, அந்தத் தடையும் இல்லை. கொடுத்தான், வாங்கினான், முடிந்தது! இழிந்தவன் என்று ஒதுக்கினார்கள். ஒதுக்கியதால் நம்மவனுக்குப் புகையும் மிச்சம், தட்சணையும் மிச்சம்.

கைம்பெண்ணின் கதையைக் கேளுங்கள். இராமநாதபுரம் ஜமீன் வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1868-இல் தீர்ப்பாயிற்று. கணவன் அனுமதி தராமல் இறந்திருந்தாலும் அவனுடைய பங்காளிகள் சம்மதித்தால் அவள் தத்தெடுக்கலாம் என்றார்கள். கடல் கடந்து வாதாடிப் பெற்றது என்ன? கணவன் அனுமதிக்குப் பதிலாகப் பங்காளி அனுமதி!

1956-இல் இந்து தத்தெடுப்புச் சட்டம் வந்தது. பெண்குழந்தையையும் தத்தெடுக்கலாம், ஹோமம் கட்டாயமில்லை என்றது. வரவேற்கிறோம். ஆனால் தந்தை இருக்கும்போது பிள்ளையைக் கொடுக்கும் உரிமை அவனுக்கே. பெற்றவள் இசைவு சொல்லலாம், அவ்வளவுதான். தாய்க்கும் சம உரிமை என்று திருத்தி எழுத 2010 ஆயிற்று. பத்து மாதம் சுமந்தவளை 54 ஆண்டு காக்க வைத்தார்கள்! இசுலாமியரும் கிறித்தவரும் 1890-ஆம் ஆண்டுச் சட்டப்படி வெறும் காப்பாளராகத்தான் இருக்க முடிந்தது. எம்மதத்தவரும் சிறார் நீதிச் சட்டத்தின் வழியே தத்தெடுக்கலாம் என்று உச்சநீதிமன்றம் 2014-இல் உறுதி சொன்னது.

ஏட்டில் இத்தனை இருக்கிறது. நாட்டில் நடப்பதென்ன? கணவன் கைவிட்டுப் போன வீடு. கைக்குழந்தையோடு ஒருத்தி. கடன்காரன் வாசலில். அந்நேரம் ஒரு தரகன் வருகிறான். "நல்ல இடம் அம்மா, குழந்தை ராசா மாதிரி வளரும், இந்தப் பத்திரத்தில் கைநாட்டு வை" என்கிறான். அது தத்து அல்ல, விற்பனை! 2015-ஆம் ஆண்டுச் சட்டப்படி குழந்தையை விற்றாலும் வாங்கினாலும் 5 ஆண்டு வரை கடுங்காவல், 1 லட்ச ரூபாய் அபராதம். மருத்துவமனை ஊழியர் உடந்தையானால் 7 ஆண்டு வரை போகும். பிள்ளை இல்லையே என்று ஏங்கி நிற்கும் தோழர்களும் இதை நினைவில் வைக்க வேண்டும். ஆசை பெரிதுதான், அதற்காகத் தரகனிடம் போகலாமா?

வளர்க்கவே இயலாத தாய் குழந்தைகள் நலக் குழுவின் முன் சென்று ஒப்படைப்புப் பத்திரத்தில் கையெழுத்திட வேண்டும். அதன்பின் 60 நாள் அவகாசம். அதற்குள் மனம் மாறினால் குழந்தையைக் கேட்டுப் பெறலாம். கெடு கடந்து, குழந்தை தத்துக்கு உரியது என்று குழு அறிவித்து, மாவட்ட ஆட்சியர் தத்து ஆணையும் பிறப்பித்துவிட்டால், பெற்றவளின் உரிமை அறுந்தது அறுந்ததுதான்.

அறுபது நாள் யோசி என்கிறது சட்டம். சரி, எதை யோசிப்பாள்? பாலுக்குக் காசில்லாமல் கையெழுத்திட்டவளுக்கு அறுபதாம் நாள் மட்டும் காசு முளைக்குமா? வறுமை பிடுங்கிக்கொண்ட பிள்ளையைத் தாயே மனமுவந்து கொடுத்தாள் என்று எழுதுவதை நாம் ஏற்பதற்கில்லை. கைவிடப்பட்டோர், கணவனை இழந்தோர் பிள்ளைகளுக்கு, தாயோடேயே வளர, மாதம் 4,000 ரூபாய் தரும் திட்டம் மிஷன் வாத்சல்யாவில் இருக்கிறது. கையெழுத்து வாங்குமுன் அதை அவளுக்கு எடுத்துச் சொன்னவர் எத்தனை பேர்?

கிளைத் தோழர்களே, உங்கள் தெருவில் அப்படி ஒருத்தி இருந்தால், தரகன் வருமுன் நீங்கள் போங்கள். தொலைபேசி எண் 1098. கையெழுத்திட்டுவிட்டாள் என்றால், முதலில் நாளை எண்ணுங்கள்.