என்ன சமைக்கிறதுன்னு சந்தையைக் கேளுங்க!

'இன்னைக்கு என்ன சமைக்கிறது?' காலையில் எழுந்ததும் இந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டாத பெண் உண்டா, சகோதரிகளே? வீட்டில் யாரைக் கேட்டாலும் 'ஏதாவது செய்' என்பார்கள். அந்த 'ஏதாவது' எந்தக் கடையிலும் கிடைப்பதில்லை! அதனால் நான் சந்தையைத்தான் கேட்கிறேன்.

மதுரை அண்ணா நகர் உழவர் சந்தைக்குக் காலை ஏழு மணிக்குள் போய்விடுவேன். தமிழகத்தின் முதல் உழவர் சந்தை இது. 1999 நவம்பர் 14-ல் தொடங்கியது. அடையாள அட்டை வைத்திருக்கும் விவசாயிகள், கடைக்கு வாடகை இல்லாமல், தங்கள் தோட்டத்துக் காயை விற்கிறார்கள். பட்டியல் எழுதிக்கொண்டு போகிற வழக்கமே எனக்குக் கிடையாது. விலைப்பலகையில் எது இறங்கியிருக்கிறதோ, எல்லாக் கடையிலும் எது குவிந்திருக்கிறதோ, அதுதான் அன்றைய சமையல். மலிவுக்காக மட்டும் சொல்லவில்லை. குவிந்து கிடப்பதுதான் அந்தப் பருவத்துக் காய். பறித்த சூட்டோடு வருகிற காய்க்கு மசாலா வேலை எதற்கு?

தை பிறந்தால் பச்சை மொச்சை. உரிக்கத்தான் நேரம் பிடிக்கும். (டி.வி. பார்க்கிறவர்கள் கையில் முறத்தைக் கொடுத்துவிடுங்கள்!) சின்ன வெங்காயம் வதக்கி, கத்தரிக்காயும் மொச்சையும் போட்டுப் புளிக்குழம்பு வைத்தால், தொட்டுக்க அப்பளம் போதும். மார்கழியில் விலை கேட்டாலே தலை சுற்றுகிற முருங்கைக்காய், பங்குனி, சித்திரையில் கட்டுக்கட்டாக வந்து இறங்கும். கூடவே மாங்காயும் வரும். இரண்டையும் போட்டு சாம்பார் வைக்கும்போது புளியைக் குறைத்துக்கொள்ளலாம்.

2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியதே, நினைவிருக்கிறதா? சென்னையில் அரசே ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்கு விற்றது. அந்த மாதமும் எங்கள் வீட்டில் ரசம் நிற்கவில்லை. மிளகு ரசம், எலுமிச்சை ரசம் என்று மாற்றி மாற்றி வைத்தேன். தக்காளி தென் அமெரிக்காவிலிருந்து வந்த காய். அது வருவதற்கு முன்பு நம் முன்னோர் புளிப்பில்லாமலா சாப்பிட்டார்கள்? அதே தக்காளி இன்னொரு சமயம் பறிப்புக் கூலிக்குக்கூடக் கட்டாமல் ரோட்டோரம் கொட்டப்படுகிறது. அப்போது இரண்டு கிலோ கூடுதலாக வாங்கித் தொக்கு செய்து வைத்துவிடுவேன். விற்கிறவர் முகத்தைப் பார்த்து அப்போதும் பேரம் பேச மனசு வராது.

இன்னொன்றும் சொல்லணும். சாம்பார், ரசம், கூட்டு, பொரியல் என நாலும் இருந்தால்தான் சாப்பாடு என்பது கல்யாண வீட்டுக்குச் சரி. தினமும் அதற்காக ஒருத்தி மட்டும் மூன்று மணி நேரம் அடுப்படியில் வேகணுமா? நான் ஒரு குழம்பு, ஒரு காய் என்று குறைத்தபோது, 'விருந்தாளி வந்தா என்ன நினைப்பாங்க?' என்று என் மாமியார் கேட்டார். வந்த விருந்தாளி கேட்டு வாங்கிச் சாப்பிட்டது பீர்க்கங்காய்த் தோல் துவையலை! மாமியார் அப்புறம் வாயே திறக்கவில்லை.

அந்தத் துவையலுக்குப் பிஞ்சுக் காயாகப் பாருங்கள். கழுவிய பிறகே தோலைச் சீவவும். சில காய் கசக்கும், ஒரு துண்டு வாயில் போட்டுப் பார்த்துவிடுவது நல்லது. தோலை நல்லெண்ணெயில் சுருள வதக்கி, வறுத்த உளுத்தம்பருப்பு, வரமிளகாய், கொஞ்சம் புளி, உப்பு சேர்த்துக் கொரகொரப்பாக அரைக்கவும். உள்ளே இருக்கும் சதை மறுநாள் பாசிப்பருப்போடு கூட்டாகிவிடும்.

மழைக்காலம்தான் எனக்குத் திண்டாட்டம். ஐப்பசி, கார்த்திகையில் கீரை சேறும் சகதியுமாக வருகிறது, சாயங்காலத்துக்குள் அழுகிவிடுகிறது. சுண்டைக்காய் வற்றல், மணத்தக்காளி வற்றல் என்று ஓட்டுகிறேன். அந்த மாதங்களில் உங்கள் ஊர்ச் சந்தையில் என்ன குவிகிறது, எப்படிச் சமைக்கிறீர்கள்? எழுதுங்களேன்!

– ஒரு வாசகி, மதுரை.