பொன்முடிக்குப் பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு

கோடை விடுமுறையிலும் ஓணம், பூஜை விடுமுறைகளிலும் பொன்முடி மலைக்குக் கிளம்பும் வண்டிகளைப் பாருங்கள். திருவனந்தபுரத்திலிருந்து வந்தாலும் நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கமிருந்து வந்தாலும் ஒரே வண்டிக்குள் மூன்று வெவ்வேறு வயதுப் பிள்ளைகள் இருப்பார்கள். மடியில் இரண்டு வயதுக் கடைக்குட்டி, ஜன்னலோரம் எட்டு வயதுப் பையன், காதில் இயர்போன் மாட்டிய பதினாலு வயது அக்கா. மேலே போனதும் "எல்லாரும் சேர்ந்து விளையாடுங்க" என்று சொல்லிவிட்டுப் பெரியவர்கள் ஜமுக்காளத்தை விரித்துவிடுவார்கள். கால் மணி நேரத்தில் அக்கா போனை எடுத்திருப்பாள், பையன் பாறை மேல் ஏறியிருப்பான், கடைக்குட்டி கையில் கிடைத்ததை வாயில் போட்டிருக்கும்.

வெவ்வேறு வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டைத் தேடும்போது நான் சொல்வது இதுதான்: ஆபத்து உண்டா என்று கடைக்குட்டியின் வயதை வைத்துப் பாருங்கள், சுவாரசியம் உண்டா என்று மூத்தவளின் வயதை வைத்துப் பாருங்கள். நாம் பெரும்பாலும் தலைகீழாகச் செய்கிறோம். சின்னப் பிள்ளைக்கும் சேர்த்து என்று சப்பென்ற ஆட்டமாக எடுக்கிறோம். பெரியவள் ஒதுங்கிக்கொள்கிறாள். அவள் விளையாடக் கொண்டுவந்த பொருளே சின்னதுக்கு ஆபத்தாகிறது.

விளையாட்டு பெற்றோர் தரும் சலுகை அல்ல. 1989-இல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 31-வது பிரிவு, ஓய்வும் விளையாட்டும் ஒவ்வொரு குழந்தைக்கும் உரியவை என்கிறது. இந்தியா 1992-இல் அதை ஏற்றது. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை பள்ளிக்கு விளையாட்டு மைதானம் வேண்டும் என்கிறது. தேவையான மைதானம் இல்லாத பள்ளிகளை மூடவும் தயங்கக்கூடாது என்று 2024 ஏப்ரலில் கேரள உயர் நீதிமன்றம் அரசுக்குச் சொன்னது. 5 முதல் 17 வயதுவரை உள்ளவர்களுக்கு நாளுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சிரைக்கும் அளவு உடலசைவு வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. உங்கள் பிள்ளையின் பள்ளியில் விளையாட்டுப் பீரியடில் கணக்குப் பாடம் நடந்தால், போய்க் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

பொன்முடிக்கு வருவோம். கல்லாறு தாண்டியதும் 22 கொண்டை ஊசி வளைவுகள். சுமார் 1,100 மீட்டர் உயரம். இந்த ஏற்றத்தில்தான் பிள்ளைகளுக்கு வாந்தி வரும். இரண்டு வயதுக்கும் பன்னிரண்டு வயதுக்கும் இடையில் பயண மயக்கம் அதிகம். போனில் கண்ணை வைத்தால் இன்னும் மோசம். ஆகவே கண் வெளியே இருக்கும் ஆட்டம் வேண்டும். வளைவுகளை எண்ணுவதே நல்ல ஆட்டம். சின்னது ஒன்று, இரண்டு என்று கைதட்டட்டும். பையன் மூன்றால் வகுபடும் வளைவில் மட்டும் குரல் கொடுக்கட்டும். அக்கா ஒவ்வொரு வளைவுக்கும் எவ்வளவு உயரம் ஏறுகிறோம் என்று ஊகிக்கட்டும். ஒரே ஆட்டம்தான், ஆனால் ஒவ்வொருவருக்கும் அவரவர் வயதுக்கேற்ற வேலை இருக்கிறது. இதற்கிடையில் சன்ரூப் வழியாகத் தலையை நீட்ட விடாதீர்கள். முன் சீட்டில் மடியில் வைத்துக்கொள்ளாதீர்கள். 14 வயதுக்குட்பட்ட பிள்ளையை சீட் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் கூட்டிப்போனால் மோட்டார் வாகனச் சட்டம் 194பி பிரிவின்படி 1,000 ரூபாய் அபராதம் உண்டு. அபராதத்தைவிட, வளைவில் சடன் பிரேக் போடும்போது மடியில் இருக்கும் பிள்ளையை எந்தக் கையாலும் பிடிக்க முடியாது என்பதுதான் பெரிய காரணம்.

கல்லாற்றைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மலையடிவாரத்தில் உருண்டைக் கற்களுக்கு நடுவே முழங்கால் அளவுத் தண்ணீர் தெளிந்து ஓடும். அடியில் கிடக்கும் கூழாங்கல்லின் நிறம்கூடத் தெரியும். பார்த்தால் பிள்ளைகள் விளையாடவே உண்டான இடம் போலிருக்கும். ஆனால் அங்கங்கே கயங்கள் உண்டு. முழங்கால் தண்ணீருக்கு இரண்டடி தள்ளி ஆள் மூழ்கும் பள்ளம் இருக்கும்; மேலே நின்று பார்த்தால் வித்தியாசம் தெரியாது. 2022 அக்டோபரில் கல்லாற்றின் வட்டக்கயத்தில் குளிக்க இறங்கிய ஒரு கூட்டத்தில் மூன்று பேர் மூழ்கி இறந்தார்கள்.

இன்னொன்று மலைவெள்ளம். நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் அடிக்கும், மேலே காட்டில் மழை கொட்டும். தெளிந்த தண்ணீர் கலங்கல் நிறத்துக்கு மாறினால், சருகும் குச்சியும் திடீரென மிதந்து வந்தால், ஆற்றின் இரைச்சல் கனத்தால், செருப்பைத் தேடாமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கரையேறிவிட வேண்டும். நடு ஆற்றுப் பாறை மேல் ஏறுவது தப்பிக்கும் வழி அல்ல, அங்கே சிக்கிக்கொள்வீர்கள். எச்சரிக்கைப் பலகை இருக்கும் இடத்தில் இறங்கவே வேண்டாம். ஆற்றோரம் விளையாட ஆசை என்றால் கரையில் உட்கார்ந்து கல் அடுக்கலாம். யாருடைய கோபுரம் அதிக நேரம் நிற்கிறது என்று பார்க்கலாம். பெரியவளுக்கும் அதில் சவால் உண்டு. ஒரு பெரியவர் மட்டும் போனைத் தொடாமல் பிள்ளைகளைக் கண்காணிக்க வேண்டும். அரை மணிக்கு ஒருமுறை ஆளை மாற்றிக்கொள்ளுங்கள். 'எல்லாரும் பார்த்துக்கிட்டுதான் இருந்தோம்' என்றால் ஒருவரும் பார்க்கவில்லை என்று பொருள்.

மேலே புல்வெளி விரிந்து கிடக்கிறது. காற்று, குளிர், நொடியில் மூடும் பனிமூட்டம். அதனால் அங்கே கண்ணாமூச்சி கூடவே கூடாது. ஒளிந்துகொள்ளச் சொல்லி அனுப்பிய பிள்ளையை மூட்டம் மூடினால் பத்தடியில் இருந்தாலும் தெரியாது. சரிவு எந்தப் பக்கம் என்பது பிள்ளைக்கும் தெரியாது. வட்டமாக உட்கார்ந்து ஆடும் குலை குலையா முந்திரிக்காய் இந்த இடத்துக்கு மிகப் பொருத்தம்: ஆச்சியும் உட்காரலாம், கடைக்குட்டியும் உட்காரலாம், ஓடுகிறவர் வட்டத்தைத் தாண்டிப் போகமாட்டார். சின்னதை ஒப்புக்குச் சேர்த்துக்கொள்ளும் நம் வழக்கம் இருக்கிறதே, பிடிபட்டாலும் அவுட் கிடையாது என்பது, அது அருமையான ஏற்பாடு. விளையாட்டு கெடாது, பிள்ளையும் ஒதுக்கப்படாது. நடக்கச் சிரமப்படும் பிள்ளை இருந்தால் ஒப்புக்குச் சேர்க்காதீர்கள். ஆட்டத்தின் விதியையே மாற்றி எல்லாரும் உட்கார்ந்தபடி பந்து உருட்டுங்கள். சமமாக விளையாடுவது அந்தப் பிள்ளையின் உரிமை.

மழைக்காலத்தில் அட்டை கடிக்கும். நீளமான சாக்ஸ் போதும், பயப்பட ஒன்றுமில்லை. குரங்குக்குப் பிஸ்கட் நீட்டுவதுதான் ஆபத்து. குரங்கோ நாயோ கடித்தாலும் பிராண்டினாலும் 15 நிமிடம் சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு கழுவிவிட்டு, அன்றே வெறிநாய்க்கடித் தடுப்பூசிக்குப் போய்விட வேண்டும். கிளம்பும் முன் ஒவ்வொரு பிள்ளையின் முன்கையிலும் உங்கள் போன் எண்ணை எழுதிவிடுங்கள். பிள்ளை காணாமல் போனால் 112-ஐயோ குழந்தைகள் உதவி எண் 1098-ஐயோ அழையுங்கள்.

அடுத்து, கையோடு கொண்டுபோகும் சாமான்கள். பல்லாங்குழிக்குச் சோழியும் புளியங்கொட்டையும் நாம் தலைமுறையாக வைத்திருப்பவை. இரண்டு வயதுப் பிள்ளை பக்கத்தில் இருந்தால் அவை மூச்சுக்குழாயை அடைக்கும் பொருள்கள். சுமார் 3.2 சென்டிமீட்டர் விட்டமுள்ள குழாய்க்குள் முழுதாகப் போகும் எதுவும் மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளையின் கைக்கு எட்டக்கூடாது. உடைந்த பலூன் துண்டும் அப்படித்தான். ஒளி உமிழும் பொம்மைக்குள் இருக்கும் பட்டன் பேட்டரி இன்னும் கொடியது: விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாயைப் பொசுக்கத் தொடங்கும். பொன்முடியிலிருந்து திருவனந்தபுரம் எஸ்.ஏ.டி. மருத்துவமனைக்கு மலைப்பாதையைச் சேர்த்து ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். வாந்தி எடுக்க வைக்காமல் உடனே கிளம்ப வேண்டும். பேட்டரி மூடிக்கு ஸ்க்ரூ இல்லாத பொம்மையை வாங்கவே வேண்டாம். தொண்டையில் ஏதாவது சிக்கி அழவும் முடியாமல், இருமவும் முடியாமல் பிள்ளை திணறினால், விரலை விட்டுத் துழாவக் கூடாது. குனியவைத்துத் தோள்பட்டைகளுக்கு நடுவே ஐந்து முறை பலமாகத் தட்டுங்கள். பலனில்லை என்றால், ஒரு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்குப் பின்னாலிருந்து கட்டிக்கொண்டு தொப்புளுக்கு மேலே உள்நோக்கி, மேல்நோக்கி ஐந்து முறை அழுத்துங்கள். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையை முன்கையில் குப்புறக் கிடத்தித் தட்ட வேண்டும். பிறகு திருப்பி, வயிற்றை விட்டுவிட்டு நெஞ்சு நடுவில் ஒரு உள்ளங்கையின் அடிப்பகுதியால் அழுத்த வேண்டும். இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்துகொண்டே 108-ஐ அழைக்கச் சொல்லுங்கள்.

2021 ஜனவரி 1 முதல் 14 வயதுக்குட்பட்டோருக்கான பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். பதிவுபெற்ற கைவினைஞர்களின் பொம்மைகளுக்கு விலக்கு உண்டு. முத்திரைக்குக் கீழே உள்ள உரிம எண்ணை 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் போட்டால் அசல் எது, போலி எது என்று தெரியும். புகாரும் அதிலேயே தரலாம்.

காசு வாங்கி நடத்தும் விளையாட்டுகளில்தான் நம் மக்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். 2024 மார்ச் 9 அன்று வர்க்கலா கடற்கரையில் மிதவைப் பாலத்தின் கைப்பிடி அலையில் உடைந்து பலர் காயமடைந்தார்கள், பிள்ளைகளும் இருந்தார்கள். அதே ஆண்டு மே 25 அன்று ராஜ்கோட்டில் தீயணைப்புத் துறை அனுமதி இல்லாத கேம் ஜோனில் தீப்பிடித்துக் குழந்தைகள் உட்பட 27 பேர் இறந்தார்கள். 2023 மே 7 அன்று கேரளத்தின் தானூரில் அளவுக்கு மீறி ஆள் ஏற்றிய படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். எல்லாமே விடுமுறைக் கூட்டம்.

ஜிப்லைன், கயிற்றுப் பாலம், படகு எதுவானாலும் ஏறும் முன் நான்கு கேள்வி கேளுங்கள். உரிமம் எங்கே? கேரளத்தில் சாகச விளையாட்டுகளுக்குப் பாதுகாப்பு விதிமுறைகளும் பதிவு முறையும் உண்டு. என் பிள்ளையின் உயரத்துக்கும் எடைக்கும் ஏற்ற பெல்ட் இருக்கிறதா? பிள்ளை அளவு லைஃப் ஜாக்கெட் இருக்கிறதா? கடைசியாக எப்போது பரிசோதித்தீர்கள்? முகம் சுளித்தால் திரும்பிவிடுங்கள்.

"விபத்துக்கு நிர்வாகம் பொறுப்பல்ல" என்று பலகை மாட்டியிருப்பார்கள்; கையெழுத்தும் வாங்குவார்கள். அதனால் அவர்களின் கவனக்குறைவுக்கு மன்னிப்பு கிடைத்துவிடாது. டிக்கெட்டை வைத்துக்கொள்ளுங்கள், இடத்தையும் கருவியையும் படம் எடுங்கள், மருத்துவச் சீட்டில் காயம் எப்படி ஏற்பட்டது என்று எழுதச் சொல்லுங்கள். போலீஸ் நிலையம் 'எங்கள் எல்லை இல்லை' என்று சொல்ல முடியாது. சொந்த ஊருக்குத் திரும்பிய பிறகும் அங்குள்ள நிலையத்தில் ஜீரோ எஃப்.ஐ.ஆர். பதியலாம்.

இழப்பீடு கேட்க முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலும் மலையாளத்திலும் பேசலாம். தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டம் வந்தபிறகு நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். பொன்முடிப் பயணத்தில் நடந்ததற்கு நாகர்கோவிலில் மனு கொடுக்க முடியும். எந்த ஆணையம் என்பது நீங்கள் கேட்கும் இழப்பீட்டை வைத்து அல்ல, சேவைக்குக் கொடுத்த பணத்தை வைத்து முடிவாகும். அது 5 லட்சம் ரூபாய்வரை இருந்தால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. 200 ரூபாய் டிக்கெட்டுக்கு ஒரு பைசா செலவில்லாமல் மாவட்ட ஆணையத்துக்குப் போகலாம். வக்கீல் கட்டாயமில்லை. இ-ஜாக்ருதி தளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம். சம்பவம் நடந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட்டுவிட வேண்டும்.