வண்டியின் வில்லும் அதிர்வு தாங்கியும்

“மாமா, ஸ்பிரிங்கை மட்டும் மாற்றிக்கொண்டு, ஷாக் அப்சார்பரைப் பழையபடியே விட்டுவிட்டால் என்ன?” என்று என் தங்கையின் மகன் ஒரு நாள் வந்து கேட்டான். 70,000 கிலோமீட்டர் ஓடிய கார் ஒன்றை அவன் விலைக்கு வாங்கியிருந்தான். அது தரையினின்று சற்று உயர்ந்து நிற்பது அவன் கண்ணுக்கு அழகாகப் படவில்லை. வண்டியை 40 மில்லிமீட்டர் தாழ்த்தக்கூடிய வில்கள் நான்கினுக்கு விலை விசாரித்து வைத்திருந்தான். தாங்கிகளையும் சேர்த்து மாற்றுவதென்றால் கையிலிருந்த பணம் போதாது. அந்தக் காரில்தான் அவனுடைய பெற்றோரும், மனைவியும், கைக்குழந்தையும் ஊருக்குப் போய் வருகிறார்கள். ஆகவே, அவன் கேள்விக்கு ஒரே சொல்லில் விடை கூற எனக்கு மனம் வரவில்லை. அன்று அவனுக்குச் சொன்னவற்றையே இன்று நேயர்களுக்கும் சொல்ல விரும்புகிறேன்.

காரின் சக்கரத்துக்கும் உடலுக்கும் இடையே இரண்டு கருவிகள் சேர்ந்து வேலை செய்கின்றன. ஒன்று சுருள்வில், இதுவே ஸ்பிரிங். மற்றொன்று அதிர்வு தாங்கி. பட்டறைகளில் இதனை ஷாக் அப்சார்பர் என்பார்கள். பெயரைப் பார்த்து, மேட்டின் அதிர்ச்சியைத் தாங்குவது இந்த இரண்டாவது கருவிதான் என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மை அதுவன்று. வண்டியின் பாரத்தைச் சுமப்பதும், மேட்டின் அடியை முதலில் வாங்கிக்கொள்வதும் வில்லே. ஆனால், அமுங்கிய வில் சும்மா நிமிர்ந்து நின்றுவிடாது. மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருக்கும். அந்த ஆட்டத்தை அடக்குவதுதான் தாங்கியின் தொழில். எண்ணெய் நிரம்பிய குழலுக்குள் பிஸ்டன் ஒன்று மேலும் கீழும் செல்கிறது. சிறு துளைகளின் வழியே எண்ணெய் நெருங்கிப் புகும்போது ஆட்டத்தின் வலிமை வெப்பமாக மாறி அடங்குகிறது.

பல கார்களின் முன்பக்கத்தில் இவ்விரண்டும் ஒரே தூணாக அமைந்திருக்கும். ஏர்ல் மெக்பெர்சன் என்னும் அமெரிக்கப் பொறியியலாளர் வகுத்த அமைப்பு இது. 1950-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வெளிவந்த போர்டு கான்சல் வண்டி இதனைப் பெற்றிருந்தது. நம் நாட்டில் 1983-இல் வந்த மாருதி 800 காரின் முன்சக்கரங்களும் இத்தகைய தூண்களின்மீதே நின்றன. வில்லை மாற்ற வேண்டுமானால் இந்தத் தூணையே கழற்ற வேண்டும். ஒன்றைத் தொட்டால் மற்றொன்றையும் தொட்டவர்களாவோம்.

இனி, சிறு கணக்கு ஒன்று போட்டுப் பார்ப்போம். ஒரு சக்கரம், வண்டி நிற்கும் நிலையினின்று மேல்நோக்கி 80 மில்லிமீட்டர் எழும்ப இடம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதற்கு மேல் தடித்த ரப்பர் தடுப்பு ஒன்று இருக்கும். வில் முழுதும் அமுங்கிப்போனால், இரும்பும் இரும்பும் மோதாமல் காப்பதற்காக வைத்த கடைசிக் காவல் அது. வண்டியை 30 மில்லிமீட்டர் தாழ்த்தினால், எஞ்சும் இடம் 50 மில்லிமீட்டர்தான். சாலையிலுள்ள பள்ளமோ நமக்காகக் குறைவதில்லை. 80 மில்லிமீட்டரில் அடங்கிய அதே அடி, இப்போது 50 மில்லிமீட்டருக்குள் அடங்க வேண்டும். அதற்கு வில் எவ்வளவு கடினமாக வேண்டும்? வில் ஏற்கும் ஆற்றல், அது அமுங்கும் தூரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 80-ஐ 50-ஆல் வகுத்து வர்க்கம் கண்டால் 2.56 வருகிறது. அதாவது, வில் முன்னினும் இரண்டரை மடங்கு கடினமாக இருக்க வேண்டும். அத்தகைய வண்டியில் யார் உட்கார்ந்து போவார்கள்? அதனால் கடைகளில் கிடைக்கும் தாழ்த்தும் வில்கள் ஐந்தில் ஒரு பங்கு, நான்கில் ஒரு பங்கு என்ற அளவிலேயே பெரும்பாலும் கடினமாக்கப்பட்டிருக்கும். குறையும் மிச்சத்தை யார் தாங்குவது? அந்த ரப்பர் தடுப்புத்தான். என்றோ ஒரு நாள் தொட வேண்டிய தடுப்பை, வண்டி நாள்தோறும் முட்டத் தொடங்குகிறது. வளைவில் திரும்பும்போது ஒரு சக்கரம் அப்படி முட்டினால், அந்தச் சக்கரத்தின் பிடி திடீரென்று மாறும். ஆபத்து இங்கேதான் இருக்கிறது.

அடுத்து, பழைய தாங்கியின் நிலையைக் கவனிப்போம். தொழிற்சாலையில் அதன் துளைகளைப் பழைய வில்லின் வலிமைக்கு ஏற்றவாறு அமைத்திருக்கிறார்கள். வில் நூற்றுக்கு 20 பங்கு கடினமானால், அதே தாங்கியின் அடக்கும் திறன் வில்லோடு ஒப்பிடுகையில் நூற்றுக்கு ஏறத்தாழ 9 பங்கு குறைந்ததாகிறது. நல்ல நிலையிலுள்ள தாங்கி இந்தச் சிறு குறையைப் பொறுத்துக்கொள்ளும். ஆனால், பல ஆண்டுகள் உழைத்து, எண்ணெய் கசிந்து, பாதி வலிமை இழந்த தாங்கிக்கு இந்தக் கூடுதல் வேலை பெருஞ்சுமையாகும். பழைய வில்லோடு மறைந்து கிடந்த நோய், புதிய வில்லோடு வெளிப்பட்டுவிடும். வண்டி மேட்டில் ஏறி இறங்கியபின் இரண்டு மூன்று முறை குதித்தால், அதன் பொருள் இதுவே.

அப்படியானால் பழைய தாங்கியோடு வண்டியைத் தாழ்த்தவே கூடாதா? அப்படிச் சொல்லவில்லை. தாழ்வு 25 மில்லிமீட்டர் அளவில் நின்று, தாங்கிகளும் புதியனவாக இருந்து, வில்லும் அந்த வண்டிக்கென்றே செய்யப்பட்டதாயின், பல கார்கள் குறைவின்றி ஓடுகின்றன. அதற்கு மேல் தாழ்த்தினால், குறுகிய நீளத்தில் வேலை செய்யும்படி அமைந்த தாங்கிகளையும் சேர்த்தே வாங்க வேண்டும். மிகுதியாகத் தாழ்த்தினால், எண்ணியதற்கு மாறான பயனும் விளையும். மெக்பெர்சன் தூணின் அடியிலுள்ள கை, சக்கரப் பக்கம் மேல்நோக்கிச் சாய்ந்துவிடுமானால், வளைவுகளில் வண்டி சாயும் நாட்டம் குறைவதற்குப் பதிலாகக் கூடவும் கூடும்.

சிலர் செலவுக்கு அஞ்சிப் பழைய வில்லிலேயே ஒரு சுற்றை அறுத்துவிடுகிறார்கள். வேறு சிலர் தீயால் சுட்டு வில்லைத் தளர்த்துகிறார்கள். பின்னது மிகவும் கொடியது. எஃகுக்கு ஊட்டிய பதம் அந்தத் தீயிலே போய்விடும். அறுத்த வில்லோ, வண்டியை ஜாக்கியில் தூக்கும்போது தன் இருக்கையைவிட்டு நழுவக்கூடும். மீண்டும் இறக்கும்போது கோணலாக உட்கார்ந்தால் விபரீதம்.

பொருத்தும் வேலையிலும் கவனம் வேண்டும். தூணின் உச்சியிலுள்ள திருகை அவிழ்க்குமுன், வில்லை அதற்குரிய கருவியால் அமுக்கிப் பிடிக்க வேண்டும். அமுங்கிய வில் நழுவித் தெறித்தால் உயிருக்கே ஆபத்து. பழகாதவர்கள் இதில் கைவைக்கலாகாது. கைகளிலுள்ள ரப்பர் புஷ்களின் திருகுகளை, சக்கரங்கள் தரையில் நின்று வண்டியின் பாரம் ஏறியபின்பே முடுக்க வேண்டும். இல்லையேல் ரப்பர் முறுக்கேறி விரைவில் கிழியும். அதன்பின் சக்கரங்களின் கோணத்தைச் சரிபார்க்க வேண்டும். தவறினால் டயர் ஒரு பக்கமாகத் தேய்ந்துவிடும். முன்விளக்குகளின் நோக்கையும் திருத்த வேண்டும்.

சாலையையும் சட்டத்தையும் மறக்கலாகாது. இந்தியச் சாலைக் கழகத்தின் விதிப்படி வட்ட வடிவ வேகத்தடையின் உயரம் 10 சென்டிமீட்டர். நம் தெருக்களிலுள்ள தடைகள் பல இந்த அளவுக்கு அடங்குவதில்லை. தரையினின்று 170 மில்லிமீட்டர் இடைவெளியுள்ள கார் 40 மில்லிமீட்டர் தாழ்ந்து, ஐவரும் ஏறி அமர்ந்தால், அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டி தடையில் உரசுவதில் வியப்பில்லை. ஜெர்மனியில் இத்தகைய வில்லுக்குச் சான்று வேண்டும். பொருத்தியபின் ஆய்வாளர் பார்த்து ஒப்புதல் தர வேண்டும். நம் நாட்டில், பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றினின்று மாறுபடும்படி வண்டியை மாற்றலாகாது என்று 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு கூறுகிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதனை வலியுறுத்தியது. எனவே, பணம் கொடுக்குமுன் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டறிவது நலம்.

இவ்வளவையும் கேட்டபின், “என் காருக்கு எவ்வளவு தாழ்வு பொறுக்கும் என்று எப்படித் தெரிந்துகொள்வது?” என்றான் மருமகன். எளிய வழி ஒன்று சொன்னேன். பின்பக்கத் தாங்கியின் பிஸ்டன் தண்டில், மேலுள்ள உறையை விலக்கி, மெல்லிய பிளாஸ்டிக் பட்டை ஒன்றைச் சற்றே வழுக்கும்படி கட்டிக் குழலின் தலைவரை தள்ளிவைக்க வேண்டும். பிறகு, வழக்கமாக ஏற்றும் ஆட்களையும் பெட்டிகளையும் ஏற்றிக்கொண்டு வழக்கமான சாலையில் போய்வர வேண்டும். குழல் எவ்வளவு உயரம் ஏறிற்றோ, அவ்வளவு உயரத்துக்குப் பட்டையைத் தள்ளி அங்கேயே விட்டிருக்கும். பட்டைக்கும் ரப்பர் தடுப்புக்கும் இடையே எஞ்சிய தூரமே நமக்குள்ள சேமிப்பு.

அவன் குடும்பத்தோடு ஊருக்குப் போய்வந்து அளந்தான். எஞ்சியிருந்தது 25 மில்லிமீட்டர். அவன் தாழ்த்த எண்ணியதோ 40. புதிய வில்லின் கடினத்தால் சில மில்லிமீட்டர் மீளும் என்றாலும், 15 மில்லிமீட்டர் குறையை அது நிரப்பாது. அளக்கக் குனிந்தபோது, ஒரு தாங்கியில் எண்ணெய் கசிந்து தூசி படிந்திருப்பதையும் கண்டான். வில்லுக்கென்று வைத்திருந்த பணத்தில் பின்பக்கத்துத் தாங்கிகள் இரண்டையும் புதிதாக வாங்கிப் போட்டான். வண்டி உயரம் குறையவில்லை, குதிப்பது நின்றது.

வண்டியைத் தாழ்த்த விரும்பும் நேயர்கள் முதலில் அந்தப் பட்டையைக் கட்டிப் பாருங்கள். வில்லின் விலையைக் கேட்குமுன், தாங்கியில் மிச்சமுள்ள இடம் எவ்வளவு என்று கேளுங்கள். கணக்குப் பொருந்தினால் தாழ்த்துங்கள். பொருந்தாவிட்டால் இரண்டையும் சேர்த்து மாற்றும் நாள் வரை பொறுத்திருங்கள். அந்த வண்டியில் ஏறுகிறவர்கள் நம்மை நம்பித்தான் ஏறுகிறார்கள்.