பரண் மேல் கிடக்கும் பழைய துப்பாக்கி

சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820-களில் சேர்வராயன் மலையில் காப்பிப் பயிரைப் புகுத்தினார். தோட்டங்கள் பெருகியபோது துப்பாக்கிகளும் மலையேறின. ஏற்காடு வட்டாரத்தில் தாத்தா காலத்துத் துப்பாக்கி ஒன்று வீட்டுப் பரணில் கிடந்தால், அதை எடுத்துத் துடைத்துப் பழுது பார்க்கும் முன் விவசாயிகள் சில விஷயங்களைத் தெரிந்துகொள்வது அவசியம்.

இரண்டு வேலைக்கு ஒரு துப்பாக்கி

சாதாரணத் துப்பாக்கியின் குழல் உள்ளே வழவழப்பாக இருக்கும்; ரவை சுட ஏற்றது. ரைபிள் குழலின் உள்ளே திருகு வரிகள் ஓடும். தனிக் குண்டு சுழன்று நேராகப் போக அவை உதவும். இவ்விரண்டு குழல்களையும் ஒரே கட்டையில் பொருத்திய துப்பாக்கிகள் ஜெர்மனி, ஆஸ்திரியா நாடுகளில் அதிகம் செய்யப்பட்டன. இந்தியாவில் பணியாற்றிய ஃபாஸ்பரி என்ற ராணுவ அதிகாரி 1885-ல் வேறொரு வழி கண்டார். குழலின் வாய்ப்பக்கம் சில அங்குலம் மட்டும் வரி போட்டால், ரவையும் குண்டும் ஒரே குழலில் சுடலாம். லண்டன் ஹாலண்ட் அண்டு ஹாலண்ட் கம்பெனி இதைப் 'பாரடாக்ஸ்' என்ற பெயரில் விற்றது.

பழுதானாலும் லைசென்ஸ் வேண்டும்

சுடாத துப்பாக்கிக்கு லைசென்ஸ் எதற்கு என்று பலர் எண்ணுகிறார்கள். இது தவறு. 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 45-வது பிரிவு, பழுது பார்த்தாலும் சுட முடியாத பழைய ஆயுதத்துக்கே விலக்கு தருகிறது. வில் உடைந்த துப்பாக்கிக்குப் புது வில் போட்டால் சுடும். ஆகவே அதற்கு லைசென்ஸ் தேவை.

லைசென்ஸ்தாரர் இறந்துவிட்டால், தாமதமின்றித் துப்பாக்கியைப் போலீஸ் நிலையத்திலோ, லைசென்ஸ் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும். எடுத்துச் செல்லும் முன் நிலையத்துக்குத் தகவல் சொல்வது நல்லது. பிறகு 2016-ம் ஆண்டு ஆயுத விதிகளின்படி வாரிசு தம் பெயருக்கு லைசென்ஸ் கேட்டு மனுச் செய்யலாம். பழைய லைசென்ஸ் புத்தகம், இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் சம்மதம் ஆகியவற்றைத் தயாராக வைத்துக்கொள்ள வேண்டும். 2019-ம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், பரம்பரைத் துப்பாக்கியையும் சேர்த்து ஒருவரிடம் இரண்டுக்கு மேல் இருக்கக் கூடாது.

முத்திரைகளைப் படியுங்கள்

குழலின் அடியிலும் பூட்டிலும் சிறு முத்திரைகள் இருக்கும். இவையே துப்பாக்கியின் ஜாதகம். கிரீடத்தின் கீழ் 'ஜி' என்ற ஆங்கில எழுத்து இருந்தால் வரி போட்ட ஜெர்மன் குழல். முட்டை வடிவத்துக்குள் 'இ.எல்.ஜி.' என்றிருந்தால் பெல்ஜியம். 'நைட்ரோ புரூஃப்' என்ற சொற்கள் இருந்தால் புகையில்லா மருந்துக்குச் சோதித்த இங்கிலீஷ் குழல். வரிசை எண்ணைச் சொன்னால், செய்த ஆண்டைப் பதிவேட்டில் பார்த்துச் சொல்லும் பழைய கம்பெனிகளும் உண்டு. துரு நீக்குகிறோம் என்று அரத்தால் தேய்த்து எண்ணை அழிப்பது சட்டப்படி குற்றம்.

குழலின் மேல் பாய் பின்னியது போன்ற கோலம் தெரிந்தால், அது இரும்பையும் எஃகையும் முறுக்கிச் செய்த குழலாக இருக்கலாம். இவை பெரும்பாலும் கரிமருந்துக் காலத்தவை. இன்றைய தோட்டாவைப் போட்டால் வெடித்துக் கைவிரல் போகும். பழைய குழல்களில் தோட்டா அறையும் குட்டையாக இருப்பதுண்டு; தோட்டா உள்ளே நுழைந்துவிட்டது என்பதால் அது பொருத்தமானது ஆகிவிடாது.

யார் பழுது பார்ப்பது?

ஊர்க் கொல்லர் கைதேர்ந்தவராக இருக்கலாம். ஆனால் துப்பாக்கி பழுது பார்க்கவும் தனி லைசென்ஸ் உண்டு. அது இல்லாதவர் கை வைப்பது கடும் குற்றம். உரிமம் பெற்றவர் முதலில் உள்ளே தோட்டா இல்லை என்று உறுதி செய்வார். பின் குழலில் துருக்குழி, புடைப்பு, ஒடுக்கு இருக்கிறதா, பூட்டு ஆடுகிறதா, கட்டை விரிந்திருக்கிறதா என்று பார்ப்பார். குழல் கெட்டிருந்தால் சுடும் ஆசையை விட்டுவிடுவதே மேல்.

லைசென்ஸ் பெற்று வீட்டில் வைப்போர் ஏற்காட்டு மூடுபனியை மறக்கக் கூடாது. தோலுறை ஈரத்தை இழுக்கும். தேங்காயெண்ணெய் பிசினாகும். மெல்லிய மெஷின் எண்ணெயே ஏற்றது.

பயிர்க் காவலுக்கு உதவுமா?

பயிர்க் காவலுக்கென்று சட்டம் குறிப்பிடுவது வாய்வழி மருந்து கெட்டிக்கும் துப்பாக்கியை. அது போதாதென்றால் வழவழப்பான குழல் உள்ளதை. வரி போட்ட குழல் இதில் சேராது. எந்த லைசென்ஸும் வேட்டைக்கு அனுமதி ஆகாது. காப்பித் தோட்டத்தில் புகும் காட்டெருமை 1972-ம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளது. சேதத்தை வனத்துறைக்கு எழுதித் தெரிவித்து இழப்பீடு கேட்பதே சரியான வழி. துப்பாக்கியை எடுத்தால் விளைச்சலோடு விடுதலையும் போய்விடும்.