தள்ளத் தெரியாத டிராக்டர்

சென்னையின் தெற்கே பள்ளிக்கரணை, மேடவாக்கம், சித்தாலப்பாக்கம் பக்கம் வயல்கள் மனைகளாகிவிட்டன. வயல் போனாலும் டிராக்டர் போகவில்லை. தண்ணீர் டேங்கர் இழுக்கிறது, செங்கல் சுமக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கொண்டுவந்தது போன்ற வெள்ளம் வடிந்த பிறகு, தெருவில் படிந்த சேற்றை ஒதுக்கவும் வேண்டியிருக்கிறது. பழைய டிராக்டர் வைத்திருப்பவர் அப்போது நினைக்கிறார்: முன்னால் ஒரு பிளேடு மாட்டிவிட்டால் ஜேசிபி வாடகை மிச்சமாகுமே!

நியாயமான ஆசைதான். புல்டோசரே அப்படித்தான் பிறந்தது. 1923இல் அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் மோரோவில் என்ற சிற்றூரில், ஜேம்ஸ் கம்மிங்ஸ் என்ற விவசாயியும் ஏர்ல் மெக்லியட் என்ற வரைபடக் கலைஞரும், எண்ணெய்க் குழாய் பதித்த பள்ளங்களை மண் தள்ளி மூட, டிராக்டரின் முன்னால் பிளேடு பொருத்தினார்கள். 1925இல் காப்புரிமை கிடைத்தது.

பிளேடு செய்வது பெரிய கம்பசூத்திரம் அல்ல. தகட்டை வளைத்துக் கொடுக்கப் பட்டறைகள் இருக்கின்றன. மண் மேலே சுருண்டு முன்னால் விழுவதற்குத்தான் அந்த வளைவு. அடி விளிம்புக்கு லாரியின் ஸ்பிரிங் பட்டை போடுவார்கள். அருவாள் அடிக்கக் கொல்லர்கள் எடுக்கும் அதே எஃகு. ஆனால் அதில் கார்பன் அதிகம். வெறுமனே வெல்டிங் வைத்தால் பற்றைச் சுற்றியுள்ள இடம் நொறுங்கும் தன்மை பெற்று விரிசல் விடும். போல்ட் போட்டு முடுக்குவதே மேல். தேய்ந்தால் கழற்றியும் மாற்றலாம்.

உண்மையான கேள்வி, பிளேடு வாங்கும் உதை எந்த வழியாகப் போய் எங்கே முடிகிறது என்பதுதான். லாரிக்குச் சேஸிஸ் உண்டு. பழைய பண்ணை டிராக்டர்கள் பலவற்றுக்கு அது கிடையாது. எஞ்சின், கியர் பெட்டி, பின் அச்சுக் கூடு ஆகியவற்றை ஒன்றோடொன்று போல்ட் போட்டு இணைத்ததே அவற்றின் முதுகெலும்பு. 1917இல் வந்த ஃபோர்ட்சன் பரவலாக்கிய அமைப்பு இது. 1960இல் சென்னையில் தொடங்கிய டாஃபே தயாரித்த மாஸே ஃபெர்குசன்களும் இந்த வகைதான். கூடுகள் வார்ப்பிரும்பு. அழுத்தினால் தாங்கும், வளைத்து இழுத்தால் பிளக்கும். கலப்பையைப் பின்னால் இழுக்கும்போது முன்பக்கத்துக்குப் பெரிய வேலையில்லை. பிளேடை ரேடியேட்டருக்குக் கீழே மாட்டினால், தரைமட்டத்தில் விழும் ஒவ்வொரு உதையும் அந்த இணைப்புகளை வளைக்கப் பார்க்கும். ஆகவே இரண்டு பக்கமும் சேனல் இரும்பில் நீண்ட கைகள் செய்து பின் அச்சுக் கூடு வரை கொண்டுபோக வேண்டும். தள்ளும் விசை பிறக்கும் பின் சக்கரங்களிலேயே எதிர்விசையும் முடியட்டும்.

அடுத்தது எடை. 250 கிலோ பிளேடு முன் அச்சுக்கு 1 மீட்டர் முன்னால் தொங்குகிறது, இரு அச்சுகளுக்கும் இடைவெளி 2 மீட்டர் என்று வையுங்கள். நெம்புகோல் கணக்குப்படி முன் அச்சில் 375 கிலோ கூடும். பின் சக்கரங்களில் 125 கிலோ குறையும். ஸ்டீயரிங் கனக்கும். ஈரக் களிமண்ணில் பிடி ஏற்கெனவே குறைவு. அங்கே பின் டயர் சும்மா சுழலும். பின் டயர்களில் முக்கால் பங்கு தண்ணீர் நிரப்புவதும், பின்னால் எடைக்கட்டிகள் மாட்டுவதும் இதற்குத்தான்.

வேகம் இன்னும் ஆபத்து. பிளேடோடு 2 டன் எடையுள்ள வண்டி மணிக்கு 5 கி.மீ. வேகத்தில் மண்ணுக்குள் மறைந்த பாறையில் மோதி 5 செ.மீ. தூரத்தில் நின்றால், சராசரி உதை ஏறக்குறைய 4 டன். 10 கி.மீ. என்றால் இரு மடங்கல்ல, நான்கு மடங்கு: 16 டன்! பிளேடு பின்னால் மடங்கிக்கொடுக்க ஸ்பிரிங்கோ, முதலில் தானே அறுந்துபோகும் போல்ட்டோ வைக்காமல் வேலைக்கு இறக்குவது, என்னைக் கேட்டால், வண்டியை வேண்டுமென்றே உடைப்பது.

தூக்க ஹைட்ராலிக் போதும். 63 மி.மீ. உள்விட்டமுள்ள சிலிண்டர் ஒன்றுக்கு, 150 பார் அழுத்தத்தில் நாலரை டன்னுக்கு மேல் விசை கிடைக்கும். கீழ்நோக்கியும் அழுத்தும் சிலிண்டராக இருந்தால், பிளேடு தரையை ஊன்றி முன் சக்கரங்களையே தூக்கிவிடும்; ஸ்டீயரிங் பிடித்தும் பயன் இல்லை. சமன் செய்யும் வேலைக்குப் பிளேடின் சொந்த எடையே பெரும்பாலும் போதும்.

ஒன்று சொல்லியாக வேண்டும். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் 2022 முதல் ராம்சர் தலம், அதாவது சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம். அதன் ஓரத்தில் மண்ணைத் தள்ளி மேடாக்க யாராவது கூப்பிட்டால், எவ்வளவு கூலி தந்தாலும் போகாதீர்கள்.

தூக்கி நிறுத்திய பிளேடுக்கு அடியில், கட்டை முட்டுக் கொடுக்காமல் கையையோ தலையையோ நுழைக்காதீர்கள். ஹைட்ராலிக் குழாய் வெடித்தால் பிளேடு அந்த நொடியே விழும்.