ரத்தப் புற்றுநோய்: மருந்தைத் தீர்மானிக்கும் குரோமோசோம்

'46, எக்ஸ்ஒய், டி(9;22)'. எலும்பு மஜ்ஜைப் பரிசோதனை அறிக்கையில் இப்படி ஒரு வரி இருந்தால், வீட்டில் இருப்பவர்கள் புரியாமல் கடந்துவிடுவார்கள். மருத்துவர் முதலில் தேடுவதே அதைத்தான். 46 என்பது குரோமோசோம்களின் எண்ணிக்கை. எக்ஸ்ஒய் என்றால் நோயாளி ஆண். அடுத்து வருவதுதான் செய்தி: 9-ம் குரோமோசோமின் துண்டும் 22-ம் குரோமோசோமின் துண்டும் இடம் மாறிவிட்டன.

1960-ல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் பீட்டர் நோவெல், டேவிட் ஹங்கர்ஃபோர்டு இருவரும், நாள்பட்ட மைலாய்டு லுக்கேமியா என்ற ரத்தப் புற்றுநோய் வந்தவர்களின் செல்களில் ஒரு குரோமோசோம் மட்டும் குட்டையாக இருப்பதைக் கண்டார்கள். அதற்கு 'ஃபிலடெல்ஃபியா குரோமோசோம்' என்று ஊர்ப் பெயரே நிலைத்துவிட்டது. குறைந்த துண்டு எங்கே போனது என்பது 1973 வரை தெரியவில்லை. சிகாகோவின் ஜேனட் ரௌலி, குரோமோசோம் படங்களைக் கத்தரித்து வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் பரப்பி ஜோடி சேர்த்துப் பார்ப்பவர். அந்தத் துண்டு 9-ல் ஒட்டிக்கொண்டிருப்பதை அவர்தான் காட்டினார்.

இடம் மாறியதில் இரண்டு மரபணுக்கள் ஒட்டிப்போய், செல்லை ஓயாமல் பெருகச் சொல்லும் ஒரு புரதம் உருவாகிறது. அந்தப் புரதத்தை மட்டும் குறிவைத்து அடக்கும் இமாட்டினிப் மாத்திரைக்கு 2001-ல் அமெரிக்கா அனுமதி தந்தது. அதுவரை, எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சைக்கு வழியில்லாத பெரும்பாலானோருக்குச் சில ஆண்டுகளில் நோய் முற்றிவிடும். இந்த மாத்திரையுடன் தொடங்கியவர்களில் சுமார் 83 சதவீதம் பேர் பத்தாண்டுகளுக்குப் பிறகும் உயிரோடு இருந்ததாக ஒரு பெரிய ஆய்வு காட்டியது.

இந்த மாத்திரையின் கதையில் சென்னைக்கும் இடம் உண்டு. நோவார்டிஸ் நிறுவனம் கேட்ட காப்புரிமையை 2006-ல் நிராகரித்தது சென்னை காப்புரிமை அலுவலகம்தான். 2013 ஏப்ரல் 1-ல் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. மாதம் ஒரு லட்ச ரூபாயைத் தாண்டிய மருந்து, உள்நாட்டு நிறுவனங்களின் தயாரிப்பாகப் பத்தாயிரம் ரூபாய்க்குள் கிடைத்ததற்கு இந்தத் தீர்ப்பு அரணாக இருந்தது.

இன்னொரு இடமாற்றத்தைப் பாருங்கள்: 15-ம் குரோமோசோமும் 17-ம் குரோமோசோமும் துண்டு மாற்றிக்கொண்டால் வருவது ப்ரோமைலோசைட்டிக் லுக்கேமியா. ரத்தம் உறையாமல் கசிந்து, சில நாட்களிலேயே உயிரைப் பறிக்கக்கூடியது. இன்று லுக்கேமியாக்களில் குணமாகும் வாய்ப்பு மிக அதிகமுள்ளவற்றில் இதுவும் ஒன்று. வைட்டமின் ஏ-யிலிருந்து பெறப்படும் ஒரு மருந்தை ஷாங்காய் மருத்துவர்கள் 1980-களில் கொடுத்துப் பார்த்தார்கள். சீனாவின் ஹார்பின் நகர மருத்துவர்கள் ஆர்சனிக்கைக் கையிலெடுத்தார்கள். ஆம், பாஷாணம்தான். ஆர்சனிக் ஒன்றை மட்டுமே கொண்டு நோயைக் கட்டுப்படுத்த முடியும் என்று வேலூர் சிஎம்சி மருத்துவர்கள் 2006-ல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள்.

ஆகவே ஒரு குரோமோசோம் மாற்றத்தை 'கெட்டது' என்று சொல்வது அன்றைக்குக் கையிலிருக்கும் மருந்தைப் பொறுத்தது என்பேன். நாள்பட்ட லிம்ஃபோசைட்டிக் லுக்கேமியாவில் 17-ம் குரோமோசோமின் குட்டைக் கை அறுந்து போயிருந்தால், பழுதான செல்லைச் சாகச் சொல்லும் மரபணுவும் அதோடு போய்விடும். செல்லைப் பழுதாக்கிக் கொல்லும் கீமோதெரபி அங்கே சரியாகப் பலிப்பதில்லை. இப்ரூட்டினிப், வெனிட்டோக்ளாக்ஸ் போன்ற மருந்துகள் வேறு வழியாகப் புகுந்து வேலை செய்கின்றன. ஆனால் எல்லாவற்றுக்கும் இப்படி விடிவு வந்துவிடவில்லை. தீவிர மைலாய்டு லுக்கேமியாவில் ஒரு 7-ம் குரோமோசோம் காணாமல் போயிருந்தாலோ, பல குரோமோசோம்கள் ஒருசேரச் சிதைந்திருந்தாலோ, உடல் தாங்குமென்றால் மஜ்ஜை மாற்று சிகிச்சையைத்தான் மருத்துவர்கள் யோசிக்கிறார்கள். எண்ணிக்கை கூடியிருப்பது எப்போதும் மோசம் என்றும் இல்லை. குழந்தைகளின் தீவிர லிம்ஃபோசைட்டிக் லுக்கேமியாவில் 50-க்கு மேல் குரோமோசோம்கள் இருந்தால் நல்ல அறிகுறி. 44-க்குக் கீழே போனால்தான் கவலை.

குரோமோசோம் கோளாறு என்றதும் பரம்பரை நோயோ என்று பயந்து, பெண் கொடுக்கவும் எடுக்கவும் தயங்குபவர்கள் இருக்கிறார்கள். இந்த மாற்றங்கள் பெரும்பாலும் பிறந்த பிறகு மஜ்ஜையின் ஒரு செல்லில் நேர்ந்து, அதன் வாரிசு செல்களில் மட்டும் பரவுபவை. நோயாளியின் பிள்ளைகளுக்கு இவை போவதில்லை.

நாள்பட்ட மைலாய்டு லுக்கேமியா முற்றும்போது செல்களில் புதிய மாற்றங்களும் சேரும். இன்னொரு ஃபிலடெல்ஃபியா குரோமோசோமோ, கூடுதலாக ஒரு 8-ம் குரோமோசோமோ தென்பட்டால் மருத்துவர் உஷாராகிவிடுவார். உடம்பு தேறிவிட்டது என்று மாத்திரையைத் தாமாக நிறுத்துபவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

கீமோதெரபி தொடங்கும் முன் குரோமோசோம் பரிசோதனைக்கு மாதிரி போயிருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். சிகிச்சை தொடங்கி நோய்ச் செல்கள் அழிந்த பிறகு எடுக்கும் மாதிரியில் அந்த மாற்றம் அகப்படாமலே போகலாம். அறிக்கையின் நகலைப் பத்திரப்படுத்துங்கள். நோய் திரும்பினால் புதிய அறிக்கையை ஒப்பிட அதுதான் வேண்டும்.